முன்னாள் மாணவர்கள் தரும் ஆறு லட்சம்: மாணவர் யோசனைகளுக்கு எப்படிப் பிரித்துக் கொடுக்கலாம்?

வளாகப்புதுமை (கேள்வி)

வணக்கம். எங்களுடையது பொறியியல் கல்லூரியும் கலை அறிவியல் கல்லூரியும் சேர்ந்த வளாகம். இரண்டும் ஒரே அறக்கட்டளையின் கீழ். முன்னாள் மாணவர் சங்கம் இந்த ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் 6 லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறது. ஒரே நிபந்தனை: ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இரண்டு துறை மாணவர்கள் இருக்க வேண்டும்.

டெக் ஃபெஸ்ட் நாளில் போட்டி வைத்து, முதல் மூன்று குழுவுக்குக் காசோலை கொடுத்து முடித்துவிடலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் கையில் மாற்றுத் திட்டம் இல்லாமல் போய்ப் பேச முடியாது.

இதெல்லாம் தெரிய வேண்டும். ஒரு குழுவுக்கு எவ்வளவு கொடுப்பது? முன்பணமா, செலவு செய்து பில் காட்டிய பிறகா? யார் தேர்ந்தெடுப்பது? நாடகம், ஆவணப்படம், நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பு என்று வரும் குழுக்களையும் மின்னணுத் திட்டங்களையும் ஒரே விண்ணப்பத்தில் எடைபோட முடியுமா? செய்த பொருள் கடைசியில் யாருக்குச் சொந்தம்? இதை நடத்தத் தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல்படி

போட்டி வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் போதும். பரிசு, வேலையை முடித்தவனுக்குப் போகிறது. பணம் தேவைப்படுவதோ வேலையைத் தொடங்குவதற்கு முன்னால். சொந்தக் காசைப் போட்டு மாதிரி செய்ய முடிந்தவர்கள் மட்டும்தான் போட்டி மேடை வரைக்கும் வருவார்கள். வீட்டில் ஐயாயிரம் கேட்க முடியாத பிள்ளையின் யோசனை உங்கள் கண்ணிலேயே படாது. நிர்வாகத்திடம் இதையே சொல்லுங்கள்.

6 லட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன். 5,000 ரூபாய் வீதம் 24 குழுவுக்கு: 1,20,000. அதில் தேறியவற்றில் பத்துக்கு 25,000 வீதம்: 2,50,000. அதிலும் தேறிய இரண்டுக்கு 75,000 வீதம்: 1,50,000. எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் கருவிகளுக்கு 50,000. அவசரக் கையிருப்பு 30,000.

முதல் 5,000 பொருள் செய்வதற்கான பணம் இல்லை. யோசனை எந்த இடத்தில் உடைகிறது என்று கண்டுபிடிப்பதற்கான பணம். இதை மாணவர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தோற்ற குழு வெட்கப்பட்டு, வேலை செய்யாத சர்க்யூட்டை வேலை செய்வதாகக் காட்டி அடுத்த தவணை கேட்கும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கருப்பட்டி காய்ச்சும்போது பாகு பதத்தை அளந்து சொல்லும் கருவி. உணவுத் தொழில்நுட்பம், மின்னணுவியல், தமிழ் என்று மூன்று துறை. இதற்கு 5,000 ரூபாய்க்கு என்ன செய்யலாம்? எஃகு உறை போட்ட கே வகை தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி இணை) இரண்டு, சுமார் 800. அதன் அளவை எண்ணாக மாற்றும் மேக்ஸ்6675 மாட்யூல் இரண்டு, 500. சிறு கணினி போன்ற இஎஸ்பி32 போர்டு 450. டிஸ்பிளே, பவர் பேங்க், பெட்டி 900. காய்ச்சும் கொட்டகைக்கு மூன்று பேர் இருமுறை போய்வர 1,200. சொந்தமாகக் காய்ச்சிப் பார்க்கப் பதநீர் 600. மீதி 550 சில்லறைச் செலவுக்கு.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே குழு யோசித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். யோசிக்காத குழு டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் என்று எழுதியிருக்கும், விலை குறைவு என்பதால். அது 125 டிகிரி வரை தாங்கும் என்று டேட்டாஷீட்டில் இருப்பது உண்மைதான். ஆனால் கடையில் கிடைக்கும் நீர்புகா வகையின் கேபிளுக்கு மேல் பிவிசி உறை. கொதிக்கும் பாகில் அது இளகிவிடும். 85 டிகிரிக்கு மேல் அதன் துல்லியமும் குறையும். பாகை இறக்கும் நேரத்து வெப்பமோ 110 முதல் 120 டிகிரிக்குள். இரண்டு டிகிரி தவறினால் ஒன்று சிரட்டையில் இறுகாது, இல்லாவிட்டால் அடிப்பிடித்துக் கறுத்துப்போகும். தெர்மோகப்பிளிலும் ஒரு வழக்கமான தவறு உண்டு: இரு கம்பிகளையும் மாற்றிப் பொருத்தினால் சூடு ஏற ஏற ரீடிங் இறங்கும். கொட்டகைக்குப் போகுமுன் கொதிநீரில் வைத்து 100 டிகிரி காட்டுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

தமிழ் மாணவர் எதற்கு என்று கேட்பார்கள். அடுப்படியில் நிற்கும் அம்மாக்கள் வெப்பமானி பார்த்து இறக்குவதில்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துத்தான் இறக்குகிறார்கள். நுரை மாறுவதற்கு, பாகு கம்பி இழுப்பதற்கு, உருட்டினால் திரள்வதற்கு என்று ஊருக்கு ஊர் சொல் இருக்கிறது. அந்தச் சொற்களையும் அவை சொல்லப்பட்ட நேரத்தையும் யாராவது எழுதி வைத்தால்தான் வரைபடத்தில் எந்தப் புள்ளி எந்தப் பதம் என்று தெரியும். எழுதுபவர் இல்லாவிட்டால் கையில் எண்கள் மட்டும் இருக்கும், அவற்றுக்குப் பொருள் இருக்காது. கூட்டு முயற்சி என்று நான் சொல்வது இதைத்தான்: ஒருவரை நீக்கினால் வேலை நின்றுபோக வேண்டும்.

நிபந்தனைக்காக இரண்டாம் துறையிலிருந்து பெயர் மட்டும் சேர்க்கும் வழக்கம் எல்லா வளாகத்திலும் உண்டு. விண்ணப்பத்தில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரே ஒரு வரி கேளுங்கள்: "முதல் இரண்டு வாரத்தில் நான் செய்யப்போவது". நேரில் வரும்போது தனித்தனியாகவும் அதையே கேளுங்கள். எழுதியதும் சொல்வதும் பொருந்தாவிட்டால் புரிந்துவிடும்.

விண்ணப்பம் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. யாருக்காக, அவர்களில் யாரிடம் இதுவரை பேசினீர்கள், முதலில் எதைச் சோதிக்கப் போகிறீர்கள், விலையோடு பொருள் பட்டியல். இவ்வளவுதான். பார்வையற்றோர் கைத்தடி, ஸ்மார்ட் குப்பைத்தொட்டி, வருகைப்பதிவுச் செயலி ஆகிய மூன்றும் ஒவ்வோராண்டும் வரும். தள்ளிவிட வேண்டாம். "யாரிடம் பேசினீர்கள்" என்ற கேள்வியே பாதியைத் திருத்திவிடும்.

தேர்வுக்கு மூன்று பேர்: வெவ்வேறு துறை ஆசிரியர் இருவர், ஏற்கெனவே இந்த நிதியில் வேலை செய்த மாணவர் ஒருவர். முதல் ஆண்டு மட்டும் மூத்த மாணவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். 5,000 ரூபாய் அளவில் மூவரும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆசிரியர் ஒருவர் சரி என்று கையெழுத்திட்டால் போதும், அவரே அந்தக் குழுவுக்குப் பொறுப்பு. மூவரும் தலையாட்டும் யோசனை பெரும்பாலும் ஏற்கெனவே பார்த்த யோசனையாகத்தான் இருக்கும். விண்ணப்பித்த ஏழாம் நாள் பதில், பத்தாம் நாள் பணம். இந்தக் கெடுவைக் காப்பாற்ற முடியாவிட்டால் மற்ற எதுவும் பயன் தராது.

25,000 கேட்டு வருபவர்கள் எது தோற்றது, அதனால் எதை மாற்றினார்கள் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். 75,000 கேட்டால் வளாகத்துக்கு வெளியே ஒருவராவது அதைத் தன் வேலையில் பயன்படுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

கணக்குமேசை

முதல்படி சொன்ன பிரிப்பு நன்றாக இருக்கிறது. "ஆசிரியர் ஒருவர் கையெழுத்து போதும்" என்பது மட்டும் தணிக்கையில் நிற்காது. அதற்கு வழி உண்டு. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆட்சிக்குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள்: இந்த நிதியிலிருந்து ஒரு குழுவுக்கு 5,000 வரை அனுமதிக்கும் அதிகாரம் இன்ன இரு ஆசிரியர்களுக்கு, 25,000 வரை முதல்வருக்கு, அதற்கு மேல் செயலாளருக்கு என்று. அந்தத் தீர்மான நகல் ஒன்று கோப்பில் இருந்தால் ஒவ்வொரு முறையும் கோப்பு மேலே ஏறி இறங்க வேண்டியதில்லை. தாமதம் பெரும்பாலும் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் நடக்கிறது.

முன்பணமா, பில் காட்டிய பிறகா என்றால் முன்பணம்தான். "செலவு செய்துவிட்டு வா, திருப்பித் தருகிறோம்" என்றால் கையில் காசுள்ளவர்கள்தான் விண்ணப்பிப்பார்கள். நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. பொறுப்பாசிரியர் பெயரில் 20,000 ரூபாய் சுழல் முன்பணம். அதிலிருந்து குழுவுக்குக் கொடுத்து, பில் வந்ததும் அலுவலகம் நிரப்பிவிடும். ஒரு குழு பழைய கணக்கைக் கொடுக்காமல் அடுத்த தவணை வாங்கக் கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் யாருக்கும் விலக்கு வேண்டாம்.

பில் விஷயத்தில் நடக்கும் தவறுகள் எப்போதும் இவைதான். பில் மாணவர் பெயரில் வரும். கல்லூரிப் பெயரில் இருக்க வேண்டும். யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டியிருப்பார்கள். அது பணம் போனதற்குச் சான்று, பொருள் வந்ததற்கு இல்லை. கடைக்காரர் தரும் தெர்மல் தாள் பில் சில மாதத்தில் வெளுத்துவிடும்; வாங்கிய அன்றே நகலெடுத்து அதோடு ஒட்டுங்கள். ஆட்டோ, டீக்கடை, பழைய இரும்புக்கடை போன்ற இடங்களில் பில் கிடைக்காது. அதற்கு 500 ரூபாய் வரை கைரசீது என்று விதியில் எழுதி, ஓர் அச்சிட்ட படிவமும் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் போலி பில் தேடத் தொடங்குவார்கள். அந்தப் பழக்கத்தை நாமே கற்றுக்கொடுத்தது போலாகிவிடும்.

ரொக்கமாக ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம். வருமான வரிச் சட்டத்தில் அறக்கட்டளைகளுக்கும் அந்த வரம்பு பொருந்தும். அந்தச் செலவு கணக்கில் ஏறாமல் போகும். வெளியே லேத் பட்டறையில் வேலை கொடுத்து ஒரே பில் 30,000 தாண்டினால் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும். 75,000 வாங்கும் குழுக்களில் இது கட்டாயம் வரும். வேலை முடிந்தபின் சொன்னால் பட்டறைக்காரர் சம்மதிக்க மாட்டார், ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். இதில் பலரும் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைதான், அவர் இதே கல்லூரியில் படித்தவரானாலும். அதைப் பெற எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். முதலில் வந்து சேர வேண்டிய கணக்கும் டில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு இன்னொன்றும் உண்டு: அப்படிப் பெற்ற பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றக் கூடாது. உங்கள் முன்னாள் மாணவர் சங்கம் தனிச் சங்கமாகப் பதிவானதா? அப்படியென்றால், அதனிடம் எஃப்சிஆர்ஏ பதிவே இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் கொடுத்ததை அது கல்லூரிக்குத் தர முடியாது. 6 லட்சத்தில் ஒரு ரூபாயும் அப்படி வராதபடி ஒவ்வொரு நன்கொடையாளரிடமும் குடியுரிமை குறித்து ஒரு வரி உறுதிமொழி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மார்ச் 31 நெருங்கும்போது "பணம் திரும்பிப் போய்விடும், எதையாவது வாங்கு" என்ற அவசரம் வரும். செலவாகாத பணம் நிதியிலேயே அடுத்த ஆண்டுக்கு நிற்கும் என்று சங்கத்தோடு இப்போதே எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

பணிமனை_சாவி

ரெண்டு பேரும் பணத்தைப் பத்திச் சொல்லிட்டாங்க. நான் சாவியைப் பத்திச் சொல்றேன். லேப் அஞ்சு மணிக்குப் பூட்டிடுச்சுன்னா 5,000 இருந்தாலும் 50,000 இருந்தாலும் ஒண்ணுதான். பசங்க வகுப்பு முடிஞ்சு வர்ற நேரமே அதுதானே. சென்னை ஐஐடியில 2008ல தொடங்கின சென்டர் ஃபார் இன்னோவேஷன், 1981ல படிச்சு முடிச்ச பேட்ச் கொடுத்த பணத்துல வந்தது. அந்தப் பணம் பரிசாப் போகலை. இடமாவும் கருவியாவும் நின்னுச்சு. வர்ற ஒவ்வொரு பேட்சும் அதே மேசையில வேலை செய்யுது. உங்க 6 லட்சத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். பழைய வகுப்பறை ஒண்ணைக் கேட்டு வாங்குங்க, வாரநாள்ல ராத்திரி எட்டு மணி வரைக்கும் திறங்க, ஒரு லேப் உதவியாளருக்குக் கூடுதல் நேரப்படி போடுங்க.

இன்னொண்ணு. பெண்கள் விடுதி நிறைய இடத்துல ஆறு, ஆறரைக்கே கதவைச் சாத்திடும். சாயங்கால நேரம் மட்டும் திறந்து வெச்சா குழுவுல இருக்கிற பொண்ணுங்க அறிக்கை எழுதறதோட நின்னுடுவாங்க. சால்டரிங், அசெம்பிளி எல்லாம் பசங்க கைக்குப் போயிடும். சனிக்கிழமை காலை ஒன்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் கட்டாயம் திறக்கணும். விடுதிக் காப்பாளர்கிட்ட அனுமதிக் கடிதம் குழுவுக்குக் குழு வாங்காம, நிதியோட பேர்ல ஆண்டுக்கு ஒரு தடவை மொத்தமா வாங்கிடுங்க.

அந்த 50,000ல என்ன வாங்கலாம்னா, 30 வோல்ட் 5 ஆம்ப் பெஞ்ச் சப்ளை ரெண்டு, வெப்பம் கட்டுப்படுத்துற சால்டரிங் ஸ்டேஷன் நாலு, நல்ல மல்டிமீட்டர் ஆறு, வெர்னியர் காலிப்பர் நாலு, ஹாட் ஏர் ஒண்ணு, கை டிரில் ஒண்ணு, ஒரு பெரிய பெட்டி நிறைய ஜம்பர் வயர், ஹெடர், ஹீட் ஷ்ரிங்க், எம்3 போல்ட் நட். ஆடியோ ரெக்கார்டர் ஒண்ணும் இதுலயே வாங்கிடுங்க, கலைக்கல்லூரிக் குழுக்களுக்கு அது வேணும். த்ரீடி பிரிண்டர் புதுசா வாங்க அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் மெக்கானிக்கல் துறையில ஒண்ணு தூசி படிஞ்சு நிக்கும். நாசில் அடைச்சிருக்கும், இல்லைன்னா அச்சாகுற தட்டோட மட்டம் (பெட் லெவல்) போயிருக்கும். முந்நூறு ரூபாய்ச் செலவுல ஓட ஆரம்பிச்சிடும். அதுல போடற பிஎல்ஏ பிளாஸ்டிக் சுருளைத் திறந்து போட்டா நம்ம ஊர்க் காத்துல ஈரம் ஏறி, பிரிண்ட் பண்ணும்போது படபடன்னு வெடிச்சு நூல் நூலா இழுக்கும். சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவுல வையுங்க.

குழு முடிஞ்சதும் இஎஸ்பி32, மோட்டார், சென்சார் எல்லாத்தையும் திரும்ப வாங்கி டப்பாவுல லேபிள் போட்டு வையுங்க. நூலகப் புத்தகம் மாதிரி ஒரு பதிவேடு போதும். ரெண்டு வருஷத்துல புதுக் குழுக்கள் பாதிப் பொருளை அலமாரியில இருந்தே எடுத்துக்கும், 5,000 ரூபாய் பயணத்துக்கும் ஆட்களைப் பார்க்கறதுக்கும் மிச்சமாகும். பிரிக்க முடியாதபடி ஹாட் க்ளூ கொட்டி ஒட்டக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க.

கட்டாயம் எழுத வேண்டிய விதி லித்தியம் பேட்டரி பத்தி. பழைய லேப்டாப்ல இருந்து உருவின 18650 வகை லித்தியம் செல்களைச் சேர்த்து பேக் கட்டறது வேண்டாம். ஒவ்வொண்ணும் வேற வேற வயசு, பலவீனமான செல் முதல்ல சூடாகும். லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரின்னா ஒவ்வொரு செல்லையும் சமமா ஏத்தற பேலன்ஸ் சார்ஜர்லதான் ஏத்தணும், ஆள் பக்கத்துல இல்லாம ஏத்தக் கூடாது, விடுதி அறைக்கு எடுத்துட்டுப் போகவே கூடாது. பயன்படுத்தாம எடுத்து வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் இருக்கணும். உப்பிப்போன பேட்டரியைத் தயங்காம ஒதுக்குங்க. சார்ஜ் ஏத்தற மேசைக்குப் பக்கத்துல மணல் வாளி ஒண்ணு எப்பவும் இருக்கணும்.

குரலும்கூத்தும்

முதல்படி எழுதிய விண்ணப்பத்தில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. "விலையோடு பொருள் பட்டியல்" என்பது நாடகக் குழுவுக்கும் பாடல் சேகரிக்கும் குழுவுக்கும் பொருந்தாது. அவர்களுடைய பட்டியலில் பொருள் இருக்காது, ஆட்கள் இருப்பார்கள். அதைச் செலவாக ஏற்காத நிதிகளில்தான், தெருக்கூத்து வாத்தியாரை நாள் முழுக்க உட்காரவைத்துப் பதிவுசெய்துவிட்டு ஒரு சால்வையோடு அனுப்பும் அவமரியாதை நடக்கிறது. கலைஞருக்கு மதிப்பூதியம் என்று தனித் தலைப்பு வையுங்கள். குழுவின் செலவில் மூன்றில் ஒரு பங்காவது அதற்குப் போகட்டும். கூடவே சாப்பாடு, வந்துபோகும் செலவு. கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிய ரசீது கணக்குக்குப் போதும். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும்.

பாடல், ஒப்பாரி, தொழில் சொற்கள் சேகரிக்கும் குழுவுக்கு 5,000 ரூபாய்ச் சோதனை என்பது பத்து நிமிடப் பதிவு. ஒரே ஆளிடம் ஒரே பாடலை ஒழுங்காகப் பதிவுசெய்து, எழுதி, பொருள் கேட்டு, அவருக்கே போட்டுக்காட்டித் திருத்திக்கொண்டு வர வேண்டும். அதைச் செய்யாதவர்கள் நாற்பது மணிநேரம் பதிவுசெய்துவிட்டு ஒன்றையும் எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஸ்டீரியோவில் ஒரு மணிநேரம் கிட்டத்தட்ட 1 ஜிபி வரும். அதைப் பார்த்து மெமரி கார்டு வாங்குங்கள். காலர் மைக்கில் காற்றுத் தடுப்பு இல்லாவிட்டால் திறந்தவெளிப் பதிவு முழுக்கப் புஸ்ஸென்ற சத்தம்தான் இருக்கும். மின்விசிறிக்கு அடியில் உட்கார வைக்காதீர்கள். அன்று இரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல், கோப்பின் பெயரில் நாள், ஊர், வரிசை எண். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மூலப் பிரதியாக நினைக்க வேண்டாம், அது ஒலியைச் சுருக்கிவிடும்.

ஒப்புதல் படிவம் எளிய தமிழில் ஒரே பக்கம். வாசித்துக் காட்டி, அதையும் பதிவில் சேர்த்துவிடுங்கள். எங்கெல்லாம் ஒலிபரப்பலாம், பெயர் போடலாமா, பின்னால் வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஒப்பாரி பாடுபவர் பலர் வகுப்பறையில் போட ஒத்துக்கொள்வார்கள், யூடியூபில் போட ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள். ஆவணப்படத்தில் சினிமாப் பாட்டைப் பின்னணியில் வைப்பதும் வேண்டாம். உரிமையாளர் கோரிக்கை வந்து படமே முடங்கும். இசைத்துறையில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருப்பார்கள், இரண்டாவது துறை என்ற நிபந்தனையும் அங்கேயே நிறைவேறிவிடும்.

விண்ணப்பம் ஒன்றே இருக்கட்டும். கடைசிக் கேள்வியை மட்டும் "பணம் எதற்கு, யாருக்குப் போகும்" என்று மாற்றுங்கள்.

முதல்படி

ஏற்றுக்கொள்கிறேன். அந்த வரி எல்லாக் குழுவுக்குமே நல்லது. கருப்பட்டிக் கொட்டகையில் அரைநாள் வேலையை நிறுத்திச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் கூலி போக வேண்டும்; நான் மேலே எழுதிய பட்டியலில் அது விட்டுப்போயிற்று. ஒரு தெர்மோகப்பிளையும் ஒரு மாட்யூலையும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டால் 650 மிஞ்சும். சில்லறையில் 350 சேர்த்து 1,000 ஆக்கிக் கொடுக்கலாம்.

வளாகப்புதுமை

எல்லோருக்கும் நன்றி. சங்கத்தில் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள், கணக்குமேசை சொன்னதை நாளைக்கே கேட்டுவிடுகிறேன். இரண்டு கேள்வி மிச்சம். செய்த பொருள் யாருக்குச் சொந்தம்? காப்புரிமை எண்ணிக்கை காட்டினால் தரவரிசைக்கு உதவும் என்று அதையும் தேர்வு அளவுகோலாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

உரிமைப்பத்திரம்

சேர்க்காதீர்கள் மேடம் / சார். அப்படிச் சேர்த்தால் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட எளிதான யோசனைகளே வரும். காப்புரிமை விண்ணப்பம் பதினெட்டு மாதம் கழிந்தால் தானாகவே காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். கட்டணம் கட்டினால் முன்கூட்டியே வெளியாகும். வெளியாவதும் காப்புரிமை கிடைப்பதும் ஒன்றல்ல. பரிசோதனைக்குத் தனியாக விண்ணப்பித்து, ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லி, அதன்பிறகே அது கிடைக்கும். "எங்கள் கல்லூரிக்கு இத்தனை காப்புரிமை" என்று பேனரில் வருவதில் வெளியான விண்ணப்பங்களும் வடிவமைப்புப் பதிவுகளும் கலந்திருக்கும். அந்த எண்ணுக்காக மாணவர் நிதியைச் செலவழிப்பது நியாயமில்லை.

உண்மையிலேயே புதியதாக ஒன்று வந்தால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். டெக் ஃபெஸ்டில் போஸ்டர் ஒட்டி, விளக்கி, இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டால் புதுமைத்தன்மை போய்விடும். பிறகு விண்ணப்பித்தால் அந்தப் போஸ்டரே எதிராக நிற்கும். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்ற சிலவற்றுக்குத்தான் சட்டத்தில் பன்னிரண்டு மாத விலக்கு உண்டு. கல்லூரி விழா அதில் வராது. எனவே 25,000 கட்டத்தைத் தாண்டிய குழுக்களிடம் மட்டும், விழாவுக்கு ஒரு மாதம் முன்பே, காட்டலாமா கூடாதா என்று கேட்டு முடிவெடுங்கள். காப்பாற்ற வேண்டியது என்றால் தற்காலிக விவரணையோடு (கண்டுபிடிப்பின் முதல்கட்ட விளக்கம்) முதலில் விண்ணப்பித்துவிடலாம். இணையவழியில் தனிநபருக்கும், 2021 விதித் திருத்தத்துக்குப் பிறகு கல்வி நிறுவனத்துக்கும் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். அன்றிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரணை கொடுக்காவிட்டால் கைவிட்டதாகக் கருதப்படும். அந்தத் தேதி பொறுப்பாசிரியரின் நாட்காட்டியில் இருக்க வேண்டும். மாணவர்கள் படிப்பை முடித்துப் போயிருப்பார்கள்.

உரிமைக்கு ஒரு பக்க ஒப்பந்தம், 25,000 கொடுக்கும் நாளில் கையெழுத்தாக வேண்டும். 5,000க்கு எந்த ஒப்பந்தமும் வேண்டாம். கண்டுபிடிப்பாளர் பெயராக உண்மையில் பங்களித்த மாணவர் அனைவரும் இருக்க வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காக ஒருவர் பெயர் சேரக் கூடாது. கல்லூரி விண்ணப்பிக்க விரும்பினால் அறுபது நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் உரிமை முழுவதும் மாணவர்களுக்கு. பாட்டும் சொல்லும் சேகரிக்கும் குழுவுக்கு இந்தப் பத்திரம் பொருந்தாது. அங்கே பாடியவரின் உரிமைதான் முதலில், குரலும்கூத்தும் சொன்ன படிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

75,000க்குப் பிறகும் வளரும் குழுக்களை வெளியே அனுப்ப வழிகள் உண்டு. தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டத்தில் ஏ வகை 2 லட்சம் வரை, பி வகை 5 லட்சம் வரை. ஒன்றிய அரசின் 'நிதி பிரயாஸ்' (NIDHI-PRAYAS) என்ற திட்டத்தில் மாதிரி செய்ய 10 லட்சம் வரை, ஆனால் கையில் பிடிக்கும் பொருளாக இருக்க வேண்டும், வெறும் செயலிக்குக் கிடையாது. இவற்றில் எல்லாம் முதலில் கேட்பது இதுவரை என்ன சோதித்தீர்கள் என்பதைத்தான். "எது தோற்றது" என்று குழு எழுதிய அந்த ஒரு பக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், அதை அப்படியே இணைக்கலாம்.

முதல்படி

நாட்காட்டி பற்றி யாரும் சொல்லவில்லை, அதையும் சேர்த்துவிடுகிறேன். ஒற்றைப்படை செமஸ்டரில் விண்ணப்பத்தை ஆகஸ்ட்டில் திறங்கள், மூடவே வேண்டாம். வர வர முடிவெடுங்கள். நவம்பர், ஏப்ரல் தேர்வு வாரங்களில் கெடு எதுவும் வைக்காதீர்கள். 25,000 தவணை முடிவு டிசம்பர் முதல் வாரத்துக்குள் வந்துவிட வேண்டும்.

காரணம் அந்தக் கருப்பட்டிக் குழுவேதான். பனையில் பதநீர் நன்றாக இறங்குவது பங்குனி, சித்திரை, வைகாசியில். உடன்குடிப் பக்கம் போய்க் கொட்டகையில் நிற்க வேண்டிய நாட்களும் மாடல் தேர்வு நாட்களும் ஒன்றாக வரும். பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பும் வாரத்தில் பணமும் கருவியும் கையில் இருந்தால் மாசியில் முதல் பானை ஏறும்போதே போய் அளந்துவிடலாம். மார்ச் கடைசியில் பணம் வந்தால் அவர்கள் அடுத்த மாசி வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்குள் குழுவில் இருவர் இறுதியாண்டை முடித்துப் போயிருப்பார்கள்.